வெள்ளமடம் ரோட்டுக் கிளை: புதுப்பிச்ச பிறகு வர்ற குறைகளில் எதை முதலில் சரிபண்ணணும்? (கேள்வியும் பதில்களும்; ஒவ்வொன்றுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

கிளைப்பொறுப்பு:

நாலு கிளை உள்ள அசைவ ஓட்டல். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி போகிற ரோட்டில், வெள்ளமடம் தாண்டி இருக்கும் கிளையை முழுக்கப் புதுப்பிச்சுத் திறந்தாச்சு. டிசைன் வெளியூர் ஆட்கள்; நாலு கிளைக்கும் ஒரே வரைபடம். வியாபாரம் படுத்துவிடவில்லை. ஆனா கூகுள் ரிவ்யூவிலும் கல்லாவில் காசு கொடுக்கும்போதும் வர்ற பேச்சு நல்லாயில்லை. நிர்வாகம் கேட்பது இதுதான்: 4 லட்சத்துக்குள், இரண்டு நாளுக்கு மேல் கடையை மூடாமல் எதையெல்லாம் திருத்தலாம்?

மாறியது என்னன்னு சொல்லிடுறேன். ஹால் 40க்கு 26 அடி, ஒரே தளம், மேலே மொட்டைமாடி. முன்னே 9 அடியில் சதுரப் பலகை போட்ட பால்ஸ் சீலிங் இருந்தது. அதை எடுத்துட்டு, கான்கிரீட்டும் குழாயும் தெரியும்படி கறுப்புப் பெயிண்ட் அடிச்சிருக்கு; இப்போ உயரம் 12 அடி. தரை பெரிய டைல்ஸ், ரோட்டுப் பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. நடுவில் இருந்த மேசைகளுக்குப் பதில் நாலு பேர் உட்காரும் சோபா இரண்டு வரிசை, தரையோடு போல்ட் போட்டது. வாசல் பக்கம் இருந்த கை கழுவும் இடம் கழிவறைக்குள்ளே போயாச்சு. பொரோட்டாக் கல் முன்னால் இருந்தது, இப்போ பின்கட்டில். மெனு அட்டை இல்லை, கியூஆர்தான். சீரக வெள்ளம் (சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த குடிதண்ணீர்) நிறுத்தி மேசைக்கு ஒரு தண்ணீர் பாட்டில். மீன் குழம்பு தலைமைக் கிளையில் செஞ்சு வண்டியில் வருது.

திரும்பத் திரும்ப வரும் குறை: ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்தவர் பேசுவதே காதில் விழல, ராத்திரி ஏசி எடுக்கல, வீட்டுக்குப் போனாலும் துணியில் மீன் பொரிச்ச மணம், பொரோட்டா விறைச்சுப் போய் வருது, சர்ச் முடிஞ்சு பத்துப் பேர் போனா பிரிச்சுப் பிரிச்சு உட்கார வைக்காங்க, வெள்ளத்துக்கும் காசா, ஏசியைக் காட்டி வரியைக் கூட்டிட்டாங்க.

பாராட்டு வருவது முகப்பு, கார் விடும் இடம், கழிவறைச் சுத்தம் மூணுக்கும்தான்.

எதிரொலி:

முதல் இரண்டு குறைக்கும் காரணம் ஒண்ணே: நீங்க கழற்றிப் போட்ட சீலிங்.

அந்தச் சதுரப் பலகை மினரல் பைபர் (கனிம இழை) என்றால் அதன் உறிஞ்சும் அளவு, என்ஆர்சி என்பார்கள், 0.5 முதல் 0.7 வரை இருக்கும். உங்க ஹால் சுமார் 12க்கு 8 மீட்டர், அதாவது 96 சதுர மீட்டர் கூரை. 0.6 என்று வைத்தால் கூரை மட்டும் 58 சதுர மீட்டர் அளவுக்குச் சத்தத்தைக் குடிச்சுக்கிட்டிருந்தது. கான்கிரீட்டுக்கும் டைல்ஸுக்கும் அந்த எண் 0.02 பக்கம்தான், கண்ணாடியும் பூச்சுச் சுவரும் கொஞ்சம் கூட.

கணக்கு லேசானது: 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல் = எதிரொலி அடங்க ஆகும் நொடி. இப்போ கன அளவு 12 × 8 × 3.6 = 346 கன மீட்டர். உறிஞ்சல், தரை, கூரை, சுவர், சாமான் எல்லாம் சேர்த்து 15 சதுர மீட்டர் வைக்கலாம். ஆளுக்கு 0.45 என்று 60 பேருக்கு 27. மொத்தம் 42. நிறைஞ்ச ஹாலில் 1.3 நொடி வருது. ஆள் இல்லாதப்போ 3.7. பழைய சீலிங் இருந்தப்போ நிறைஞ்ச ஹாலில் அரை நொடிக்கும் கீழே இருந்திருக்கும். சாப்பாட்டு ஹாலுக்கு 0.7, 0.8 போதும். அதுக்கு மேலே போனா ஒவ்வொரு மேசையும் பக்கத்து மேசைக்கு மேலே குரலை உயர்த்தும், அந்தச் சத்தத்துக்கு மேலே அடுத்த மேசை உயர்த்தும். ஞாயிறு 1 மணிக்கு மட்டும் குறை வருவது அதனால்தான். செவ்வாய் 4 மணிக்கு டிசைனரைக் கூட்டிவந்து காட்டினால் “நல்லாத்தானே இருக்கு” என்பார்.

மறுபடி சீலிங் போட வேண்டாம். கறுப்புக் கூரை பிடிச்சிருந்தா அப்படியே இருக்கட்டும். 4க்கு 2 அடி, 50 மில்லிமீட்டர் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி ராக்வுல் (கல் இழைப் பஞ்சு) பலகையைக் கண்ணாடி இழைத் துணியில் சுற்றி, கறுப்பில், செங்குத்தாகக் கம்பியில் தொங்கவிடுங்க. தொங்கும் பலகைக்கு இரண்டு முகமும் வேலை செய்யும்; ஒண்ணுக்கு 1.2 சதுர மீட்டர் என்று குறைச்சே கணக்கு வைக்கலாம். 30 பலகை போட்டா 36 கூடும். 42 போய் 78. நொடி 0.7 ஆகிடும்.

பரப்பிப் போடணும், ஓரமா அழகுக்கு ஒரு வரிசை போட்டா பாதிப் பலன்கூட வராது. பலகைக்குப் பலகை ஒன்றரை, இரண்டு அடி இடைவெளி விடுங்க. ஏசிக் காற்று நேரே படும் இடத்தையும் தீயணைப்புத் தெளிப்பான் இருந்தால் அதன் அடியையும் விட்டுடுங்க.

சுவரில் ஒட்டும் பாலியஸ்டர் பலகை 9 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டரில் கிடைக்கும். நேரே சுவரில் ஒட்டினா கீச்சுச் சத்தத்தை மட்டும் எடுக்கும், ஆண் குரலின் அடிச்சத்தம் அப்படியே நிற்கும். பின்னால் 2 அங்குல மரச்சட்டம் அடிச்சு இடைவெளி விட்டு மாட்டணும். கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில், உட்கார்ந்தவர் காது உயரத்தில்.

சோதிக்க: கடை அடைச்ச பிறகு நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்க. இப்போ வால் நீண்டு கேட்கும். பத்துப் பலகை மாட்டிட்டு மறுபடி தட்டுங்க. ஞாயிறு மதியம் ஸ்பீக்கரை அணைக்கிறதுக்குக் காசே வேண்டாம், அதை இன்றைக்கே செய்யலாம்.

ஏசி விஷயம்: பால்ஸ் சீலிங்குக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் இருந்த 3 அடிக் காற்றும் பலகையும் வெயில் சூட்டைத் தடுத்தது. இப்போ மொட்டைமாடிக் கான்கிரீட் நேரே ஹாலைப் பார்க்குது. பகலெல்லாம் குடிச்ச சூடு உள்பக்கம் இறங்க மணிக்கணக்காகும்; சாயந்திரம் 6 முதல் 9 வரைதான் உச்சம். அதே நேரம் 60 பேர் உட்கார்ந்தா அந்த உடம்புச் சூடே ஏறக்குறைய 2 டன் ஏசியைத் தின்னும். புது ஏசி வாங்கும் முன்னால் மொட்டைமாடியில் வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு இரண்டு கோட் அடிங்க. நம்ம மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. மாசி, பங்குனியில் அடிச்சா பூச்சு காய்ஞ்சு பிடிக்கும். ஐப்பசியில் அடிச்சா உரிஞ்சு வடிகாலை அடைக்கும்.

புகைக்கூண்டு:

துணியில் மீன் மணம் ஏறுதுன்னா காற்று சமையல்கட்டிலிருந்து ஹாலுக்கு வருது. போகவேண்டியது எதிர்த்திசை. இதுக்கு ஒரு ஊதுபத்தி போதும். எக்ஸாஸ்ட், ஏசி எல்லாம் ஓடட்டும், வாசல் கதவு மூடியிருக்கட்டும். சமையல்கட்டுக் கதவிடுக்கில் பத்தியைப் பிடிங்க. புகை அடுப்புப் பக்கம் சாயணும். ஹால் பக்கம் சாய்ந்தால் கீழே சொல்வதை வரிசையாப் பாருங்க.

புதுப்பிக்கும்போது வயரிங் மாற்றினீங்களா? த்ரீ பேஸ் மோட்டாரில் இரண்டு பேஸ் இடம் மாறினா ப்ளோயர் (புகையை வெளியே தள்ளும் விசிறி) எதிர்ப்பக்கம் சுற்றும். நத்தைக்கூடு மாதிரி இருக்கும் ப்ளோயரில் பெரிய ஏமாற்று இங்கேதான்: தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே பக்கம்தான் தள்ளும், ஆனா ரொம்பக் குறைவாக. ஓடுது, சத்தம் வருது, கை வைத்தால் காற்றும் வருது, எல்லாரும் சரின்னு போயிடுவாங்க. உடம்பில் போட்டிருக்கும் அம்புக்குறியையும், அணைத்து நிற்கப் போகும் நேரத்தில் சக்கரம் சுற்றும் திசையையும் ஒப்பிட்டுப் பாருங்க. மாறியிருந்தா எலக்ட்ரீசியன் இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் முடிஞ்சுது.

அடுத்து பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினா அரை அங்குலத்துக்கு மேல் தொங்கினால் வழுக்குது என்று அர்த்தம். அப்புறம் பில்டர் தட்டு. மீன் பொரிக்கிற அடுப்புக்கு மேலே உள்ளதைத் தினமும் ராத்திரி வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவணும். மற்றவை வாரத்துக்கு இரண்டு தடவை.

ஹூட் (அடுப்புக்கு மேலே புகையைப் பிடிக்கும் தகரக் கூடு) அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 6 அங்குலம் நீளணும். புது டிசைனில் அடுப்பு வரிசையை நீட்டிட்டு ஹூட்டைப் பழையபடி விட்டிருப்பாங்க, இது எல்லா இடத்திலும் நடக்கிறது. 3 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஹூட்டுக்கு, முகத்தில் நொடிக்கு 0.4 மீட்டர் வேகம் வேணும்னா 3.6 × 0.4 × 3600, மணிக்கு 5,200 கன மீட்டர், அதாவது 3,050 சிஎப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி). ப்ளோயர் தகட்டில் எழுதியிருக்கும் எண் இதுக்குப் பக்கத்தில் இல்லேன்னா கழுவினாலும் பிரயோஜனமில்லை.

வெளியே தள்ளுறதில் 80 சதவீதம் அளவுக்கு வெளிக்காற்றைச் சமையல்கட்டுக்குள் நேரே கொடுங்க. இல்லாட்டி ப்ளோயர் மீதியை ஹாலிலிருந்து இழுக்கும். நீங்க காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று புகைக்கூண்டு வழியாகத் தோவாளைக்குப் போகும். அப்படி இழுக்கும்போது கழிவறை புளோர் டிராப்பில் (நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் தரை வடிகாலில்) தண்ணீர் வற்றியிருந்தா சாக்கடை நாற்றமும் கூட வரும். நாளுக்கு ஒரு குவளை தண்ணீர் அதில் ஊற்ற ஒரு ஆளைச் சொல்லிவையுங்க.

இனி உங்க இடத்துக்கே உரியது. ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற அடி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நல்லது, உங்க எக்ஸாஸ்டுக்கு இல்லை. குழாய் வாய் மேற்குச் சுவரில் இருந்தா காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். ஊருக்கு ஊர் ஒரே வரைபடம் போடுகிறவர்களுக்கு இது தெரியாது. குழாயை மேலே கொண்டுபோய், கைப்பிடிச் சுவருக்கு ஒரு மீட்டர் உயரத்தில் வானத்தைப் பார்த்து விடுங்க. உச்சியில் குடை மூடி போடாதீங்க, அது புகையைக் கீழே மடக்கும். சற்று அகலமான இன்னொரு குழாயை மேலே கோத்து, இடைவெளி வழியாக மழைநீர் வெளியே வடியும்படி செய்யச் சொல்லுங்க. தகரக் கடையில் படம் வரைந்து காட்டினால் செய்வாங்க.

இலைக்காரி:

சத்தமும் புகையும் ஆம்பிளைகளே பாத்துக்கிடுங்க. நான் மேசையப் பத்திச் சொல்லுதேன்.

அந்த சோபா காபிக் கடைக்கு உள்ளது. சாய்ஞ்சு உக்காந்து ஒரு மணிநேரம் போனப் பாக்கவனுக்கு. கையால பிசைஞ்சு சாப்பிடுதவனுக்கு முதுகு நிமிரணும், இலைக்கு மேல நெஞ்சு வரணும். இருக்கை உயரம் 45 சென்டிமீட்டர், மேசை 75, ஆழம் 42லேருந்து 45. உங்க சோபாவ அளந்து பாருங்க, ஆழம் 55க்கு மேல இருக்கும், உக்காந்தா அமுங்கி 40க்கு இறங்கும். மேசை தாடைக்கு வந்துரும். சட்டையில மீன் குழம்பு சிந்துச்சுன்னு ரிவ்யூ வந்திருக்கும், தேடிப் பாருங்க. அத சர்வர் தப்புன்னு எழுதியிருப்பாங்க.

அப்புறம் இலை. ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம் இல்லாட்டி இலை ஒண்ணுமேல ஒண்ணு ஏறும். அவியல், துவரன், இஞ்சிக்கறி, கிச்சடி, பப்படம்னு ஓரம் நிறைஞ்ச பிறகு மீன் வறுவலுக்குத் தனித் தட்டு, குழம்புக் கிண்ணம், தண்ணிப் பாட்டில். இவ்வளவும் அந்த மேசையில எங்க வைக்க?

நடுவுல ஒரு வரிசையக் கழற்றிருங்க. சுவரோரம் உள்ளது இருக்கட்டும், ராத்திரி சின்னப் பிள்ளையளோட வாறவங்களுக்கு அது பிடிக்கும். கழற்றின இடத்துல 120க்கு 75 சென்டிமீட்டர் மேசை, எல்லாம் ஒரே உயரம், விளிம்பு நேரா வெட்டினது, வட்டம் கிட்டம் வேண்டாம். இரண்ட நீளவாட்டுல சேர்த்தா பக்கத்துக்கு நாலு, கோடிக்கு ஒண்ணு, பத்துப் பேரு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாற கூட்டம் எட்டு, பத்து, பன்னிரண்டுதான். கல்யாண முகூர்த்த நாளும் அப்படித்தான். அவங்கள மூணு சோபாவுல பிரிச்சா பாட்டி ஒரு மூலையில, பேரன் ஒரு மூலையில, அடுத்த வாரம் வேற கடைக்குப் போயிருவாங்க. சோத்து வாளி தூக்கிட்டுப் போற ஆளுக்கு நடுவழி 90 சென்டிமீட்டர் விடுங்க. போல்ட் ஓட்டைய டைல்ஸ் நிற எபாக்ஸி வச்சு அடைச்சா தெரியாது. வெறும் சிமெண்ட் வச்சா ஒரு மாசத்துல கறுத்துரும்.

கை கழுவுத இடம் வெளிய வரணும். கழிவறைக் கதவத் தொட்டுட்டு வந்து சாப்பிட யாருக்குப் பிடிக்கும்? வாசலுக்கும் மேசைக்கும் நடுவுல ரெண்டு பேசின் 80 சென்டிமீட்டர்ல, பிள்ளையளுக்கு ஒண்ணு 60ல. கீழ பளபளன்னு தொங்குமே பாட்டில் டிராப், அது வேண்டாம். சோறும் பொரோட்டாத் துணுக்கும் அதுல அடைக்கும். 40 மில்லிமீட்டர் குழாய், வளைவு டிராப், தொறந்து சுத்தம்பண்ண மூடி உள்ளது போடுங்க.

சீரக வெள்ளத்த நிறுத்தினது யாரு யோசனை? 10 லிட்டருக்கு ரெண்டு மேசைக்கரண்டி சீரகம், தளதளன்னு அஞ்சு நிமிஷம் கொதிக்கணும். ஆற வைக்கன்னு பச்சத் தண்ணியக் கலக்கப்படாது, பல கடையில அதத்தான் செய்யுதாங்க. கொதிச்சத முந்தின ராத்திரியே மூடிவச்சு ஆறவிட்டா போதும். பாட்டில் கேக்கவனுக்கு பாட்டில் குடுங்க, கேக்காம மேசையில வைக்காதீங்க.

கியூஆரும் இருக்கட்டும். கூட பத்து அட்டை தமிழ்ல, பெரிய எழுத்துல அடிச்சு வையுங்க.

கணக்குப்பிள்ளை77:

இலைக்காரி அக்கா சொன்னதில் மாற்றமில்லை. ஆனா எல்லாக் குறையையும் அப்படியே நம்பிக் காசு போட வேண்டாம்.

வரி பற்றிய குறை தவறு. 2017 நவம்பர் 15 முதல் ஏசி இருந்தாலும் இல்லாட்டியும் சாப்பாட்டுக் கடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், உள்வரிச் சலுகை (கடை சாமான் வாங்கும்போது கட்டின வரியைக் கழிச்சுக்கிறது) கிடையாது. அதுக்கு முன்னால் ஏசிக்கு 18, ஏசி இல்லாததுக்கு 12 என்று இருந்தது, ஜனங்க மனசில் அதுவே நிற்குது. பில்லில் 2.5 மாநிலம், 2.5 மத்தியம் என்று பிரிச்சு அடிச்சு, கல்லாவில் ஒரு வரி எழுதி ஒட்டினா இந்தக் குறை நின்றுவிடும். நிஜத்தில் கூடியது விலை. அதை விலைன்னு சொல்லணும், வரி மேலே சாத்தக்கூடாது. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்க்கிறீங்கன்னா உடனே எடுங்க. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்கான்னும் பார்த்துடுங்க, புது மிஷினில் அடிக்கடி விட்டுப்போகிற விஷயம்.

ரிவ்யூவைப் படிக்கும் முறை: மேலே தெரியும் சராசரி நட்சத்திரத்தை மறந்திருங்க, அதில் பழைய கடையின் மார்க் கலந்திருக்கு. புதியவை முதலில் என்று வரிசைப்படுத்தி, திறந்த நாளுக்குப் பிந்தியதை மட்டும் எடுத்து ஒரு தாளில் எழுதுங்க: கிழமை, மதியமா ராத்திரியா, உட்கார்ந்து சாப்பிட்டதா பார்சலா, எத்தனை பேர், என்ன குறை. திறந்த முதல் மூணு வாரத்தில் வந்த தாமதக் குறைகளைத் தனியா ஒதுக்குங்க. புதுச் சமையல்கட்டில் கை பழகும்வரை அது எங்கும் வரும். அஞ்சும் ஒண்ணும் கொடுத்தவர்களைவிட மூணு கொடுத்தவர் எழுதினதைப் பாருங்க, அவர்கள்தான் எது நல்லது எது கெட்டதுன்னு பிரிச்சு எழுதுவாங்க. நல்ல ரிவ்யூ போட்டா பாயசம் இலவசம் என்று ஆரம்பிக்காதீங்க, கூகுள் விதிக்கு எதிர், மொத்தமா அழிச்சிருவாங்க.

விற்பனையைப் போன மாசத்தோடு ஒப்பிடாதீங்க. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர்கள் அசைவக் கடைக்குள் வரமாட்டாங்க. தவக்காலத்தில் இறைச்சி குறையும், ஈஸ்டர் அன்று மூணு மடங்கு எகிறும். போன வருஷம் அதே காலத்தோடு ஒப்பிட்டாத்தான் புதுப்பிச்சதன் பலன் தெரியும். ஈஸ்டரும் தவக்காலமும் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும், அதையும் நகர்த்திக் கணக்குப் பாருங்க.

கிளைப்பொறுப்பு:

எல்லாருக்கும் நன்றி. ஊதுபத்தி பார்த்தாச்சு: புகை ஹால் பக்கம்தான் வருது. எலக்ட்ரீசியனைக் கூட்டிக் காட்டினா ப்ளோயர் அம்புக்குறிக்கு எதிரே சுற்றுது. வயர் மாற்றியதும் பத்திப்புகை நேர்மாறாச் சாயுது. குழாய் வாய் மேற்குச் சுவரில்தான் இருக்கு, அதை மேலே ஏற்ற விலை கேட்டிருக்கு. வரி அறிவிப்பு கல்லாவில் ஒட்டியாச்சு.

சத்தத்துக்கு உள்ளூர் இன்டீரியர்க்காரர் முட்டைத் தட்டு மாதிரி மேடுபள்ளமான ஸ்பாஞ்ச் ஒட்டலாம், பாதி விலைதான் என்கிறார். சரிவருமா? பொரோட்டா, மீன் குழம்பு பற்றி யாரும் சொல்லலியே.

எதிரொலி:

ஸ்பாஞ்ச் வேண்டவே வேண்டாம். சாதாரண பாலியூரிதேன் ஸ்பாஞ்சில் தீ பட்டால் நொடியில் பரவும், வரும் புகை விஷம். அடுப்பும் கூட்டமும் உள்ள ஹாலின் தலைக்கு மேலே அதை ஒட்டக்கூடாது. எண்ணெய்ப் புகையைக் குடிச்சு வாடையும் அடிக்கும், கழுவ முடியாது. ராக்வுல் எரியாது; துணி அழுக்கானா உறையை மட்டும் மாற்றலாம். விலை கேட்கும்போது தீ எதிர்ப்புச் சான்றையும் சேர்த்துக் கேளுங்க, பாதி ஆள் அதோட போன் எடுக்கமாட்டாங்க.

பிற்காலத்தில் மினரல் பைபரே போடுவதாக இருந்தா ஈரப்பதம் தாங்கும் வகை, ஆர்எச் (காற்றின் ஈரப்பத சதவீதம்) 95க்கு மேல் உள்ளது கேட்டு வாங்குங்க. நம்ம ஊர் ஈரக்காற்றில் சாதாரணப் பலகை நடுவில் தொங்கி வயிறு போட்டிரும். வழவழப்பான ஜிப்சம் சீலிங் சத்தத்துக்கு உதவாது, அது பார்வைக்கு மட்டும்.

கல்லடுப்பு:

பொரோட்டா முதல்ல. கல்லிலிருந்து எடுத்து நாலஞ்சு சேர்த்து சூட்டோடு அடிச்சு உதிர்த்ததும் உள்ளே இருக்கும் நீராவி வெளியே போக ஆரம்பிக்கும். ஏசி ஹாலின் வறண்ட காற்று அதை இன்னும் வேகமா இழுக்கும். முன்னால் கல் இருந்தப்போ ஒரு நிமிஷத்தில் இலைக்கு வந்தது. இப்போ பின்கட்டிலிருந்து தட்டில் அடுக்கி, பில் பார்த்து, மேசை தேடி வருது. ஏழெட்டு நிமிஷம் ஆனா மைதா விறைக்கும். மாவில் எண்ணெயைக் கூட்டினால் சரியாகும்னு மாஸ்டர் சொல்வார். தற்காலிகமா மெதுவா இருக்கும், ஆனா கை பிசுக்கும், அடுக்கும் பிரியாது.

கல்லை முன்னால் கொண்டுவர முடிஞ்சா அதுதான் முழு மருந்து, கூட்டத்தையும் இழுக்கும். ஆனா முன்னால் தனி ஹூட் இல்லாமல் கொண்டுவந்தால் புகைக்கூண்டு அண்ணாச்சி சொன்ன வேலை எல்லாம் வீண். இப்போதைக்கு, அடிச்ச பொரோட்டாவை அடியில் துணி விரிச்ச மூடிய பெட்டியில் போட்டு, ஒரு தடவைக்கு இருபதுக்கு மேல் சேர்க்காமல் அனுப்புங்க. துணி இல்லாத எவர்சில்வர் பெட்டியில் மூடியில் நீர் கோத்துச் சொட்டி அடிப்பொரோட்டா நனைஞ்சு போகும். ஹாட் கேஸ் இருந்தா 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது, உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வையுங்க. சால்னா மேசைக்கு முதலில் வரணும், பொரோட்டா பின்னால். உங்க புது முறையில் அது தலைகீழா இருந்தாலும் ஆச்சரியமில்லை.

மீன் குழம்பு வண்டியில் வருவதுதான் பெரிய தப்பு. நம்ம குழம்பு தேங்காய் அரைச்சது. குளிர வைச்சு, மறுபடி கொதிக்க விட்டா தேங்காய் திரிஞ்சு எண்ணெய் தனியா மேலே நிற்கும், மீன் துண்டும் உடையும். தலைமைக் கிளையில் மிளகாய், மல்லி, மஞ்சள் சேர்ந்த மசாலா அரைப்பு வரைக்கும் செஞ்சு குளிரில் அனுப்பட்டும். தேங்காயும் புளியும் மீனும் கிளையில் சேரட்டும். சாளை, நெத்தலி மாதிரிச் சின்ன மீனுக்கு அடுப்பில் பத்து நிமிஷம்தான். அதுக்கு எதுக்கு வண்டி?

அனுப்புற அரைப்பையும் பெரிய அண்டாவில் வைத்து ஆறவிடக்கூடாது. நடுப்பகுதி மணிக்கணக்கில் சூடா நின்று கெட்டுப்போகும். மூணு அங்குல ஆழத் தட்டில் ஊற்றி, கீழே ஐஸ் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறக்கி, பிறகு மூடணும். கிளையில் வாங்கும் ஆள் கையில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும், வந்த நேரமும் டிகிரியும் நோட்டில் எழுதட்டும்.

பார்சலுக்குச் சால்னாவைப் பிளாஸ்டிக் பையில் கட்டுறீங்கன்னா நிறுத்துங்க. 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் அதுக்குத் தடை.

இலைக்காரி:

மக்கா, சிவப்புச் சம்பா அரிசிச் சோத்த விட்டுட்டீங்களே. நாலு கிளைக்கும் ஒரே மெனுன்னு வெள்ளைப் பொன்னி மட்டும் வச்சா கல்குளம், விளவங்கோடு பக்கத்துல இருந்து வாறவங்க ஒரு தடவதான் வருவாங்க. சம்பா வேக நேரம் கூட, வெள்ளைச் சோத்தோட சேத்து வைக்க முடியாது. தனிப் பானை, காலையில ஒன்பதுக்கே ஏத்திரணும், வெந்ததும் கஞ்சி வடிச்சு மூடிவச்சா மதியம் மூணு வர நிக்கும். முதல்ல பத்துல மூணு பங்கு சம்பா வச்சுப் பாருங்க, மிச்சம் வந்தா குறைக்கலாம்.

எதிரொலி:

இரண்டு நாள் மூடுவதாக இருந்தா திங்கள், செவ்வாய் எடுங்க. திங்கள் காலை சோபா கழற்றல், பேசினுக்குக் குழாய் வெட்டு. தூசி கிளப்பும் வேலை எல்லாம் அன்றைக்கே முடியணும். திங்கள் ராத்திரி எபாக்ஸி வைத்தால் செவ்வாய் மாலை மேசை ஏற்றலாம். பலகை தொங்கவிட செவ்வாய் முழு நாள், இரண்டு ஏணி, நாலு ஆள். டிரில் போடும் முன்னால் கான்கிரீட்டில் வயர் குழாய் போகும் இடத்தைப் பழைய வரைபடத்தில் பார்த்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கோங்க. புகைக்குழாய் உயர்த்தும் வேலை மொட்டைமாடியில் நடப்பதால் கடை திறந்திருக்கும்போதே செய்யலாம். கடைசி இணைப்புக்கு மட்டும் மதியச் சாப்பாடு முடிஞ்ச பிறகு இரண்டு மணி நேரம் அடுப்பு அணையணும். பணம் பத்தாமல் போனா பலகை முப்பதில் இருபது இப்போ, பத்து பிறகு. கொக்கி மட்டும் முப்பதுக்கும் சேர்த்து இப்பவே அடிச்சிருங்க.